கார்டு சூடாகிறது, பயன்பாடோ 3 சதவீதம்

கேள்வி: புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் மென்பொருளை என் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டில் ஓட்டும்போது, விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் 3 சதவீதப் பயன்பாட்டையே காட்டுகிறது. கார்டு உண்மையில் வேலை செய்கிறதா?

பதில் 1: செய்கிறது. நீங்கள் பார்ப்பது ‘3டி’ வரைபடம். அது காட்சிகளை வரையும் வேலையை மட்டுமே அளக்கிறது. அதன் தலைப்பைச் சொடுக்கி, கார்டில் நடக்கும் கணக்கீட்டு வேலையைக் காட்டும் ‘கூடா’ (CUDA) என்பதைத் தேர்ந்தெடுங்கள் (தமிழில் அந்தப் பெயர் தடை விதிப்பதுபோல் ஒலிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்).

பதில் 2: கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கருவி 100 சதவீதம் காட்டினாலும் அப்படியே நம்ப வேண்டாம். அளவெடுக்கும் சிறு இடைவெளியில் ஏதேனும் ஒரு கணக்கீடு எவ்வளவு நேரம் ஓடியது என்பதே அந்த எண். கார்டின் எத்தனை கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) உழைத்தன என்பதை அது சொல்வதில்லை. ஆகவே நான் மின்நுகர்வையே பார்ப்பேன்.

கேட்டவர்: ‘கூடா’வில் 96 சதவீதம் தெரிகிறது, மின்நுகர்வோ 220 வாட் வரம்பில் 130 மட்டுமே.

பதில் 2: அப்படியானால் ஃபோல்டிங் அட் ஹோமிலிருந்து உங்களுக்கு வந்திருக்கும் பணி, எல்லாக் கோர்களுக்கும் வேலை தராத, அணுக்கள் குறைந்த சிறிய புரதமாக இருக்கலாம், அடுத்த பணி வந்ததும் மீண்டும் பாருங்கள்.