சொரோரிட்டியில் திருநங்கை மாணவிகள்: சேர்க்கை நடைமுறையில் எங்கே சிக்குகிறது?

சேர்க்கைப் பணியில் இருப்பவர்:
சொரோரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள, பெண்கள் மட்டும் சேரும் மாணவியர் சங்கம். அதில் சேர விரும்பும் திருநங்கை மாணவிகளும் பெற்றோரும் முதலில் கேட்பது, "கல்லூரி அனுமதிக்குமா?" என்பதுதான். பதில் கல்லூரியிடம் இல்லை. பழைய பெரிய சொரோரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் 2020-ல் ஒரு விதி வைத்தது: தொடர்ந்து பெண்ணாக வாழ்ந்து, தன்னைப் பெண் என்று சொல்லிக்கொள்பவர் சேர்க்கைச் சுற்றுகளில் பங்கேற்கலாம். அது பங்கேற்பதற்கான தகுதி மட்டுமே. உறுப்பினராக்குவதா இல்லையா என்பதை ஒவ்வொரு அமைப்பும் தன் விதிப்படி முடிவு செய்யும்.

அதனால் பதிவு செய்வதற்கு முன்பே, அந்த வளாகத்தில் சாப்டர் (உள்ளூர்க் கிளை) வைத்திருக்கும் ஒவ்வொரு அமைப்பின் தேசியத் தலைமையகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். சாப்டர் பெண்கள் அன்பாகச் சொல்லும் "கவலைப்படாதே, சேர்த்துக்கொள்வோம்" போதாது. கடைசிச் சுற்றான பிரிஃபரன்ஸ் முடிந்ததும் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஆளைக் கட்டிப்போடும். அந்த ஒப்பந்தத்தில் உங்கள் விருப்பமாக எழுதிய அமைப்பிலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்தால், அடுத்த பெரிய சேர்க்கை வரை அதே வளாகத்தில் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொரோரிட்டியிலும் சேர முடியாது. சந்தேகம் எதுவானாலும் அந்தக் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பெயர். மதிப்பெண் சரிபார்ப்பு கல்லூரிப் பதிவேட்டை வைத்து நடக்கும். அதில் பழைய பெயர் இருந்தால், அதுவே பட்டியலிலும் பெயர் அட்டையிலும் வந்துவிடும் அபாயம் உண்டு. முன்கூட்டியே, கல்லூரியில் சொரோரிட்டிகளைக் கவனிக்கும் பான்ஹெலனிக் ஆலோசகரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். நூறு பேர் நடுவில் ஒரு பெண்ணின் பழைய பெயரைக் கூப்பிடுவது பெரிய கொடுமை. சின்ன ஏற்பாட்டில் தடுத்துவிடலாம்.

சட்டம் தெரிந்தவர்:
அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தது. 1974 திருத்தம் சொரோரிட்டிகள், ஆண்களுக்கான அதே மாதிரிச் சங்கங்களான ஃப்ரடர்னிட்டிகள் ஆகியவற்றின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. பெண்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் உரிமை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த விலக்குப் பிரிவு 'பெண்' யார் என்று வரையறுக்கவில்லை. சண்டை முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான்.

வயோமிங் பல்கலைக்கழக வழக்கைப் பாருங்கள். 2022-ல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி நகரில், கப்பா கப்பா காமா என்ற சொரோரிட்டியின் சாப்டர் ஒரு திருநங்கை மாணவியைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் உறுப்பினர்கள் சிலர் தேசிய அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். 'பெண்' என்று அமைப்பின் துணைவிதியில் இருப்பது பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும், அவரைச் சேர்க்க நடந்த வாக்கெடுப்பும் ரகசியமாக நடக்கவில்லை என்பது அவர்கள் வாதம். துணைவிதி அந்தச் சொல்லை விளக்கவில்லை, தனியார் அமைப்பு தன் விதிக்குத் தானே பொருள் கொள்ளலாம், நீதிமன்றம் உள்ளே புகாது என்று நீதிபதி ஆலன் ஜான்சன் 2023 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை 2024 ஜூனில் மேல் நீதிமன்றம் விசாரிக்க ஏற்காமல் தள்ளியது. முந்தைய உத்தரவு இறுதித் தீர்ப்பு அல்ல என்பதே காரணம். யார் பக்கம் நியாயம் என்று மேல் நீதிமன்றம் சொல்லவே இல்லை. திருத்திய மனுவையும் 2025 ஆகஸ்டில் ஜான்சன் தள்ளுபடி செய்தார்.

திருநங்கைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இந்த வழக்கில் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சேர்க்க முடிவு செய்த அமைப்பைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுபவர்கள் அதிகம்.

விடுதி நிர்வாகம் பார்ப்பவர்:
எதிர்க்கும் பெண்களின் கவலையைக் கேலி செய்து ஒதுக்குவது தவறு. அவர்களின் பேச்சு பெரும்பாலும் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீட்டைப் பற்றியது: பொதுக் குளியலறை, பெண்கள் மட்டுமே இருப்பார்கள் என்று நம்பிப் போட்ட தங்கும் ஒப்பந்தம். வயோமிங்கில் அந்த மாணவி சாப்டர் வீட்டில் தங்கியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுப்பினராவது வேறு, அறை ஒதுக்கீடு வேறு. சாப்டர் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது. தடுப்புள்ள குளியலறை எது, அறைத்தோழியை மாற்றிக் கேட்பது எப்படி என்பது எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். ஒருவரை மட்டும் குறிவைக்கும் விதி அவமானமாகத்தான் முடியும்.

வாக்கெடுப்பில் யார் என்ன போட்டார்கள் என்று தெரிகிற படிவத்தைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிப்பட்ட படிவம் ஆதரித்தவரையும் எதிர்த்தவரையும் ஒன்றாக மாட்டிவிடும்.

சட்டம் தெரிந்தவர்:
இன்னொரு தகவலையும் சேர்க்க வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்கக் கல்வித் துறை வயோமிங் பல்கலைக்கழகத்தின் மீது விசாரணை தொடங்கியது. பிறப்பால் ஆணானவரைச் சேர்க்கும் சொரோரிட்டி டைட்டில் நைன் விலக்கை இழக்கும் என்பது அதன் நிலைப்பாடு. நீதிமன்றம் அமைப்பின் விருப்பத்துக்கு விட்டதை அரசு வேறு வழியில் நெருக்குகிறது. எனவே தலைமையகத்தின் பதில் பழைய தேதியில் இருந்தால், சேர்க்கைக்கு முந்தைய மாதம் மறுபடி கேளுங்கள். விதியையே மாற்ற நினைப்பவர்கள், எந்தப் பக்கமானாலும், துணைவிதித் திருத்தத்தைத் தங்கள் அமைப்பின் பொது மாநாட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு நாள் முன்னதாகத் தீர்மானம் கொடுக்க வேண்டும், எத்தனை வாக்கு தேவை என்பதெல்லாம் துணைவிதியிலேயே இருக்கும்.