கொழுப்பை மூளைக்குள் ஏற்றும் புரதம்: கடத்தியா, காவியா?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
வணக்கம். தோட்டத்துத் தாய்மார்களுக்கு மீன் உணவு பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பை இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே விடும் புரதம் எம்எப்எஸ்டி2ஏ. ‘கொழுப்புக் கடத்தி’ என்று போட்டேன். படித்துப் பார்த்த அக்கா, “பாக்கெட் எண்ணெய் கடத்துற ஆளா டீச்சர்?” என்கிறார். வேறு சொல் தாருங்கள்.

தைப்பிங் தமிழாசிரியர் (ஓய்வு):
‘காவி’ என்று வையுங்கள் அம்மா. காவுதல் தோளில் சுமப்பது. காவடியும் அந்த வேர்தான். புறநானூறு 206-இல் ஔவை ‘காவினெம் கலனே’ என்கிறார். இலங்கையில் கொசுவை நோய்க்காவி என்றே எழுதுகிறார்கள். அந்தப் பாட்டே வாயிற்காவலனைப் பார்த்துப் பாடியது. தடுப்பையும் ‘வாயில்’ ஆக்கிவிடலாமே! அதியமான் பரிசில் நீட்டித்தது ஏன் என்று தனியாக எழுதுகிறேன்.

ஈப்போ மருந்தாளர்:
ஐயா, காவி என்றால் சாமியார் வேட்டிதான் நினைவுக்கு வரும். ‘தடுப்பு’ இருக்கட்டும். மூளையின் நுண்குழாய்ச் செல்கள் இடைவெளி விடாமல் இறுக ஒட்டியிருப்பதுதான் அது. சம்சுவில் உள்ள ஆல்கஹால் யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும். டிஎச்ஏ தனியாக வந்தால் இந்தப் புரதம் தொடவே தொடாது. தெரிந்த ஆளோடு வந்தால்தான் கேட்டைத் திறக்கும் தோட்டத்து ஜாகா மாதிரி. லைசோபாஸ்படிடைல்கோலின் என்ற இன்னொரு கொழுப்பு வகையோடு பிணைந்து வரவேண்டும், சோடியமும் வேண்டும். 2014-இல் சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிக் குழு இதைக் காட்டியது. புரதம் இல்லாத எலிகளின் மூளையில் டிஎச்ஏ வெகுவாகக் குறைந்தது, மூளையும் சிறுத்தது. தடுப்பு ஒழுகாமல் இருக்கவும் இதே புரதம் தேவை என்று அதே ஆண்டு வேறொரு குழு எழுதியது. ஏற்றுவதும் இதுதான், காப்பதும் இதுதான். கடத்தி, காவி எதைப் போட்டாலும் பாதிதான் சொன்னதாகும்.

கிள்ளான் மொழிபெயர்ப்பாளர்:
மின்கடத்தி படித்த ஊர்தானே? கடத்தியே போதும். தாய்மாருக்குப் புரியவேண்டும், ஔவைக்கு அல்ல.

தைப்பிங் தமிழாசிரியர்:
புரிவதை மட்டும் எழுதினால் புதுச்சொல் எங்கிருந்து வரும்?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
சரி, ‘கொழுப்பை மூளைக்குள் கொண்டு சேர்க்கும் புரதம்’ என்று விரித்தே எழுதிவிட்டேன். கெம்போங் மீன் படத்தைச் சின்னதாக்க வேண்டியதாயிற்று. ‘தடுப்பு’ அப்படியே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

கிள்ளான் மொழிபெயர்ப்பாளர்:
நல்லது. இழையை மூடலாம்.

தைப்பிங் தமிழாசிரியர்:
விளக்கம் சொல்லாகாது அம்மா. என் மறுப்பு இருக்கட்டும், அடுத்த பதிப்பில் காவி வரவேண்டும். அப்புறம், செல்லைச் சுற்றியுள்ள ‘சவ்வு’க்கும் சவ்வரிசிக்கும் உறவு உண்டா என்று இதுவரை யாருமே கேட்கவில்லையே?