பள்ளிக் கழிவுநீர்த் தொட்டி மூடி: பெற்றோரே போட வழி உண்டா?

கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கழிப்பறைக்குப் பின்னால் உள்ள செப்டிக் டேங்க்கின் கான்கிரீட் மூடியில் ஒரு பலகை விரிசல் விட்டு நடுவில் தொங்குகிறது. தொட்டி 8 அடிக்கு 5, ஆழம் 6 அடி. உள்ளே கிளம்பும் வாயு கம்பியை அரித்துவிட்டது; அடிப்பக்கம் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மேலே பார்த்தால் லேசான கீறல்தான், அதுதான் பயம். பந்து பொறுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதன்மேல்தான் ஓடுகிறார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததுமே தலைமையாசிரியரிடம் சொன்னோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் மனு கொடுத்தாயிற்று. "எஸ்டிமேட் போகணும்" என்பதே பதில். தகரம் போட்டு மூடலாம் என்றார்கள். ஓட்டை மறையுமே தவிர பாரம் தாங்காது என்று மறுத்துவிட்டோம். இப்போதைக்குச் சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறோம். மழைக்காலம் நெருங்குகிறது.

கொத்தனார் 4 அங்குலக் கனத்தில், 10 எம்எம் கம்பி கட்டி, தனியே வார்த்து நன்றாக நீராற்றிய பலகைகள் போடச் சொல்கிறார். பணம் பெற்றோர் திரட்டிவிட்டோம்.

எஸ்டிமேட்டுக்குக் காத்திராமல் நாங்களே இதைச் செய்ய, யாரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும்?