மருத்துவமனையில் தொற்றும் நோய்க்கு அரசு பொறுப்பேற்க வேண்டாமா?

முத்துலட்சுமி:
இடுப்பெலும்பு அறுவைக்காகச் சேர்க்கப்பட்ட என் மாமனாருக்கு எலும்பு நன்றாகக் கூடியும், தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்ததால் மீண்டும் அறுவை அரங்குக்குப் போக நேர்ந்தது. "இது எங்கும் நடப்பதுதான்" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைக் குறைக்கும் கடமை அரசுக்கு இல்லையா, அல்லது ஒவ்வொரு மருத்துவமனையின் மனசாட்சிக்கே விட்டுவிட வேண்டியதுதானா?

ராஜசேகரன்:
அரசு முனைந்தால் குறையும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ கிருமி நோயாளியின் இரத்தத்தில் கலந்தால் ஒவ்வொரு பொது மருத்துவமனையும் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும் என்று 2001இல் கட்டாயமாக்கினார்கள். 2004இல் சுகாதார அமைச்சர் ஜான் ரீட், 2008க்குள் அந்த எண்ணிக்கை பாதியாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். 2003-04இல் சுமார் 7,700 ஆக இருந்தது, 2008-09இல் 3,000க்கும் கீழே வந்தது. ஆனால் அதே நாட்டில்தான், மெய்ட்ஸ்டன் பகுதி மருத்துவமனைகளில் குடலைத் தாக்கும் வேறொரு கிருமியால் ஏறக்குறைய 90 பேர் இறந்ததாக 2007இல் விசாரணை அறிக்கை வந்தது. கட்டில்கள் நெருக்கி நெருக்கிப் போடப்பட்டிருந்தன; நிர்வாகத்தின் கவனமோ நிதியிலும் மற்ற இலக்குகளிலும் இருந்தது. அரசு எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் நிர்வாகம் பதில் சொல்கிறது. ஆகவே, தொற்றுக் கணக்கை அரசு கேட்டே ஆக வேண்டும்.

செல்வி (ஸ்டாஃப் நர்ஸ்):
கணக்கு அவசியம்தான், அதைவிட அவசியம் ஆட்கள். வார்டின் ஒரு கோடியில் ஒரே வாஷ்பேசின். இரவுப் பணியில் ஒருவராக நின்று வார்டு முழுவதையும் பார்க்கும்போது, ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரிடம் போக வேண்டும் என்று தெரிந்தும் முடிவதில்லை. நோயாளிக்குப் பொருத்திய சிறுநீர்க் குழாய் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறுகிறது. ஆனால் குழாயை எடுத்துவிட்டால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஆள் வேண்டுமே! காலிப் பணியிடங்களை நிரப்பாமல் கை கழுவச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கதிரவன்:
நம் நாட்டில் 2020இல் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. தூய்மையான அரசு மருத்துவமனைகளுக்கு 2015 முதல் 'காயகல்ப்' விருதும் உண்டு. ஒன்று அறிவுரை, மற்றொன்று பரிசு. தொற்றுக் கணக்கைப் பொதுமக்களுக்கு வெளியிடும் கட்டாயம் இரண்டிலும் இல்லை. மருத்துவமனைகள் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், பதிவு உரிமத்துக்கு அதையே ஒரு நிபந்தனையாக வைக்க மாநில அரசு தயங்க வேண்டியதில்லை.

முத்துலட்சுமி அவர்களுக்கு: 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். மாமனாரின் கையொப்பத்துடன் எழுத்து மூலம் கேளுங்கள். சீழில் எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அதை அனுப்பியிருந்தால் அதன் முடிவையும் தவறாமல் குறிப்பிட்டுக் கேளுங்கள்.