‘ஏலியன்: ஐசலேஷன்’: மருத்துவப் பிரிவில் சிக்கியிருக்கிறேன், குறை என்னிடமா, ஆட்டத்திடமா?

இரவுப்பறவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1979-இல் வெளியான ‘ஏலியன்’ திரைப்படத்தின் உரிமத்தைப் பெற்றுக் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி, 2014 அக்டோபரில் சேகா வெளியிட்ட ‘ஏலியன்: ஐசலேஷன்’ ஆட்டத்தைத் தாமதமாக இப்போதுதான் பிளேஸ்டேஷன் 4-இல் தொடங்கியிருக்கிறேன். ஹார்டு என்னும் கடின நிலையில்தான் ஆட வேண்டும் என்று பலரும் சொன்னதால் அதையே தேர்ந்தெடுத்தேன்.

முதல் நான்கு மிஷன்களில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. கதை நடக்கும் செவாஸ்டோபோல் விண்வெளி நிலையத்தின் கைவிடப்பட்ட கூடங்களும், விட்டுவிட்டு எரியும் விளக்குகளும் அடுத்த கதவைத் திறக்கவே தயங்க வைத்தன. ஐந்தாவது மிஷனில், சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவுக்குள் நுழைந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மூன்று நாட்களாக அதே நடைபாதைகளில் செத்துக்கொண்டிருக்கிறேன். நம்மை வேட்டையாடும் அந்த வேற்றுக்கிரக விலங்கு, லாக்கருக்குள் ஒளிந்தால் சில வேளைகளில் கதவைப் பிய்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வெளியே நடந்தால் பின்னாலிருந்து வால் பாய்கிறது. நேற்று ஏறத்தாழ நாற்பது நிமிடம் சேவ் செய்யாமல் ஆடி, சேவ் செய்ய உதவும் தொலைபேசிக்குப் பத்தடி முன்னால் மாட்டிக்கொண்டேன். ஒரே இடத்தில் ஒரே வழியில் போனாலும் அந்த விலங்கு ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வருவதால், தவறிலிருந்து பாடம் கற்கவும் வழி தெரியவில்லை. இது திறமையைக் கேட்கும் கடினமா, அல்லது வெறும் அதிர்ஷ்டமா?

கற்றாழை எழுதியது:

நண்பரே, அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. அந்த விலங்கை ஆட்டத்தின் நிரலில் இரண்டு அடுக்குகள் இயக்குகின்றன. மேலடுக்குக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எப்போதும் தெரியும். அது அந்த இடத்தைக் கீழடுக்குக்கு நேரடியாகச் சொல்லிவிடாமல், ‘இந்தப் பக்கம் போய்த் தேடு’ என்று தோராயமாக மட்டும் அனுப்பிவைக்கும். கீழடுக்குதான் விலங்கு. அது தன் கண்ணையும் காதையும் கொண்டே உங்களைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் அருகிலேயே சுற்றினாலும் சரியாக உங்கள் லாக்கருக்கு முன் வந்து நிற்பதில்லை. நிற்கிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் ஏதோ ஓசை எழுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அந்த மேலடுக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. விலங்கு உங்களை நெடுநேரம் நெருக்கிக்கொண்டே இருந்தால், பதற்றம் அளவு கடந்துவிட்டது என்று கணக்கிட்டு அதைக் காற்றுக்குழாய்களுக்குள் திருப்பி அனுப்பிவிடும். உங்களைப் போலவே நானும் முதலில் லாக்கர் விட்டு லாக்கர் தாவிக்கொண்டிருந்தேன். அது தவறு. லாக்கரில் இருக்கும்போது அது முகர்ந்துகொண்டு நெருங்கினால் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும். அடக்கினால் உயிர் சிறிது சிறிதாகக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் ஒளிந்து, அது நகர நகர நீங்களும் மறுபக்கம் நகர்வதே பல இடங்களில் மேலானது.

அருகிலுள்ள அசைவைக் காட்டும் கருவியான மோஷன் டிராக்கரை ஓயாமல் தூக்கிப் பிடிக்காதீர்கள். விலங்கு மிக அருகில் இருந்தால் அதன் ‘பீப்’ ஒலியே உங்களைக் காட்டிக் கொடுக்கும். அசைவது உங்கள் தளத்தில் இருக்கிறதா, தலைக்கு மேலே குழாயில் இருக்கிறதா என்பதையும் அது சொல்லாது. அதற்குக் காதுதான் துணை: மேலே தகரம் அதிர்ந்தால் குழாயில் இருக்கிறது, கனத்த காலடி தரையில் கேட்டால் இறங்கிவிட்டது. கூரைத் துளையிலிருந்து எச்சில் சொட்டுகிறதா என்று பாராமல் அதன் அடியில் நடக்க வேண்டாம். ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இன்னொன்று: கன்சோலில் கேமராவோ மைக்கோ இணைத்து அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால், உங்கள் அறையில் எழும் சத்தத்தையும் விலங்கு கேட்கும். என் வீட்டில் குக்கர் விசில் அடித்த ஒரு மாலையில் அதை உணர்ந்து, அன்றே அணைத்துவிட்டேன்.

பழைய கன்ட்ரோலர் எழுதியது:

கற்றாழை சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் ஆட்டத்தின் மேல் குறையே இல்லை என்பது போல் நாம் பேசுவது கேள்வி கேட்டவருக்கு நியாயமாகாது. விலங்கு பிரச்சினை அல்ல. சேவ் முறைதான் பிரச்சினை. தொலைபேசியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்வரை அசையாமல் நிற்பது அற்புதமான யோசனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சில நொடிகளில் முதுகு சில்லிட்டுப் போவது போல் வேறெந்த ஆட்டத்திலும் எனக்கு நேர்ந்ததில்லை. ஆனால் இரண்டு தொலைபேசிகளுக்கு இடையிலான தூரம் சில மிஷன்களில் வரம்பு மீறிப் போகிறது. இரண்டாம் முறை அதே பாதையில் போகும்போது அச்சம் பாதியாகிறது. ஐந்தாம் முறை போகும்போது அலமாரிகளைத் திறந்து அதே உதிரிப் பொருட்களைப் பொறுக்கும் எழுத்தர் வேலைதான் மிஞ்சுகிறது. திகில் ஆட்டத்துக்குச் சலிப்பைவிடப் பெரிய பகை இல்லை.

அடுத்தது நீளம். பத்தாவது மிஷனை முடித்தபோது கதை முடிந்துவிட்டது என்றே நம்பினேன். மொத்தம் பதினெட்டு மிஷன்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்பால் வொர்க்கிங் ஜோ என்னும் ரப்பர் முக ஆண்ட்ராய்டுகளோடு மல்லுக்கட்டும் பகுதி வருகிறது. அமைதியான குரலில் உபசார வார்த்தை பேசிக்கொண்டே கழுத்தை நெரிக்க வரும் அவற்றை முதலில் கண்டபோது நடுங்கினேன். இருபதாவதைக் கண்டபோது கொட்டாவி வந்தது. முடிவு வந்துவிட்டதாகக் காட்டி மீண்டும் ஒரு மின்கலத்தையோ நெம்புகோலையோ தேடி அனுப்பும் வழக்கம் இறுதிவரை ஓயவில்லை. ஆறு மணி நேரத்தை வெட்டியிருந்தால் இதைவிடச் சிறந்த திகில் ஆட்டம் இல்லை என்று எழுதியிருப்பேன்.

ஹார்டிலிருந்து நார்மல் நிலைக்கு இறங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெல்லநட எழுதியது:

நீளத்தைப் பற்றிய குறையை ஏற்கிறேன், தொலைபேசியைப் பற்றியதை ஏற்கவில்லை. எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்றிருந்தால் அந்த விலங்கு வெறும் பொம்மைதான். இழக்க நாற்பது நிமிடம் கையில் இருப்பதால்தான் ஒரு கதவைத் திறப்பதற்கே மனம் கூசுகிறது.

திரைப்பட உரிமம் வாங்கிய ஆட்டங்களில் பெரும்பாலானவை படத்தின் பெயரையும் முகங்களையும் எடுத்துக்கொண்டு, உள்ளே வழக்கமான துப்பாக்கி ஆட்டத்தை வைப்பவை. முந்தைய ஆண்டு, 2013-இல், இதே சேகா வெளியிட்ட ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ வாங்கிய திட்டு பலருக்கு நினைவிருக்கும். ‘ஐசலேஷன்’ அந்த வழியில் போகவில்லை. கொல்லவே முடியாத ஒற்றை விலங்கு என்பதுதான் முதல் படத்தின் உயிர். அதையே ஆட்டத்தின் விதியாக்கினார்கள். கணினித் திரைகள் 1970-களின் கற்பனை எதிர்காலம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காட்சிகளை விஎச்எஸ் என்னும் பழைய வீடியோ நாடாவில் பதிந்து, கலைத்து, மீண்டும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். நீங்கள் அஞ்சி நிற்கும் அந்த நடைபாதைக்கு இவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே சாவது சற்றுச் சகிக்கத்தக்கதாகும்.

இரவுப்பறவை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நிலையை மாற்றாமல், டிராக்கரை மறைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மட்டும் நம்பி ஆடினேன். ஒரு மேசையைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து நிமிடம் விலங்கும் நானும் வட்டமடித்தோம். பிறகு கற்றாழை சொன்னது போலவே அது குழாய்க்குள் ஏறிப் போய்விட்டது. தொலைபேசியை அடைந்து அட்டையைச் செருகியபோது, எதிரிகள் அருகில் இருக்கிறார்கள், சேவ் செய்யவா என்று திரை கேட்டது. செய்தேன். இரண்டாவது விளக்கு எரியும்போது தலைக்கு மேலே தகரம் அதிர்ந்தது.

மூன்றாவதும் எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை எழுதும் நிலையில் நான் இல்லை. ஆனால் இம்முறை இழந்தது இருபது நொடிகள்தான். பத்தாவது மிஷனோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பழைய கன்ட்ரோலரிடம் அடுத்த வாரம் கேட்கிறேன்.