ஐந்து லட்சத்துக்குள் பழைய கார்: இப்போதே வாங்கலாமா, லோன் எங்கே போடுவது?

காவிரிக்கரை:
வணக்கம். ஈரோட்டில் இருக்கிறேன். வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இதுவரை டூ வீலரும் பஸ்ஸும்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, கோவைக்கு ஆஸ்பத்திரி போய் வருவதே பெரும்பாடாக இருக்கிறது, அதனால் ஒரு கார் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, மூன்று லட்சம் லோன் போட வேண்டும்.

தீபாவளி முடிந்து ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடையில், ஏழு பேர் உட்காரும் 2015 எர்டிகா பெட்ரோல் ஒன்று பார்த்தேன். செகண்ட் ஓனர், மீட்டரில் 68,000 காட்டுகிறது, ஐந்து லட்சம் சொல்கிறார்கள். லோனும் அவர்களே ஏற்பாடு செய்து தருகிறார்களாம், 10 சதவீத வட்டி, மூன்று வருஷம், மாதம் 10,833. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டால் 12 சதவீதம் என்கிறார்கள், அதுவும் 2015 வண்டிக்குத் தர மாட்டார்களாம். இரண்டு சதவீதம் குறைகிறதே என்று கன்சல்டிங்கிலேயே போட்டுவிடலாமா? தை பிறக்கட்டும் என்கிறார் அம்மா. அவர்களோ இன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

வட்டிக்கணக்கு:
முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதிய 10,833-லேயே எல்லாம் தெரிகிறது. மூன்று லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருஷம் 30,000, மூன்று வருஷத்துக்கு 90,000, ஆக 3,90,000, அதை 36-ஆல் வகுத்தால் 10,833. இது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், கடைசி மாதம் பாக்கி இருப்பது பத்தாயிரம் சொச்சம்தான், ஆனாலும் வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீதம்!

வங்கி சொன்ன 12 குறையும் அசலுக்கான வட்டி. அதே மூன்று லட்சம், அதே மூன்று வருஷத்துக்கு மாதத் தவணை 9,964 வரும், மொத்த வட்டி 58,700 பக்கம். 31,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இந்த ஃபிளாட் கணக்கைச் சொல்லியே சம்பளக்காரர்களிடம் பல வருஷமாகக் காசு பார்க்கிறார்கள், எனக்கு இது மனசு ஆறாத விஷயம்.

எங்கே போட்டாலும் கையெழுத்துக்கு முன்னால் கடனின் முக்கிய விவரத் தாளை, அதாவது கேஎஃப்எஸ், கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் கடன்களுக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும், வட்டியோடு பிராசஸிங் சார்ஜ் எல்லாம் சேர்ந்தது, இரண்டு கடனை ஒப்பிட அது ஒன்றைப் பார்த்தால் போதும். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் கேளுங்கள். 2026 ஜனவரி 1-இலிருந்து தரும் மாறும் வட்டிக் கடனில் தனிநபரிடம் அதைப் பிடிக்கக் கூடாது, ஆனால் கார் லோன் பல இடங்களில் நிலையான வட்டி என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் எஃப்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்கலாம், எஃப்டிக்கு வரும் வட்டியை விட ஒன்றோ இரண்டோ சதவீதம்தான் கூட இருக்கும். நகை இருந்தால் வங்கி நகைக்கடனும் பழைய கார் லோனை விடப் பெரும்பாலும் மலிவு. இந்த இரண்டிலும் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஹெச்பி (வண்டி மேல் கடன் இருக்கிறது என்று கடன் கொடுத்தவர் பெயரோடு போடும் குறிப்பு) ஏறாது, பிறகு வண்டியை விற்பதும் சுலபம். நகை என்றால் வட்டியைத் தவறாமல் கட்ட முடியுமா என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டறைவாசல்:
வங்கி 2015-க்குத் தர மறுத்தது உங்களுக்கு நல்லதுதான். கடன் முடியும்போது வண்டிக்கு வயது பத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் பெரும்பாலான வங்கிகள் பார்க்கும். தனியார் காருக்கு ஆர்சி பதினைந்து வருஷம், நீங்கள் தவணை கட்டி முடிக்கும்போது அந்த எர்டிகாவுக்குப் பதிமூன்று ஆகியிருக்கும். அப்போது என்ன விலைக்குப் போகும் என்று யோசியுங்கள்.

அந்த 68,000-த்தையும் அப்படியே நம்ப வேண்டாம் ப்ரோ. மீட்டரைத் திருப்புவது ஒரு லேப்டாப் வேலை. ஸ்டியரிங் தோல் வழுவழுவென்று பளபளக்கிறதா, பிரேக் பெடல் ரப்பரில் கோடு தேய்ந்து மழமழப்பாகிவிட்டதா, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 68,000 ஓடின வண்டியில் இவ்வளவு தேய்மானம் இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது, நான்கு டயரிலும் நான்கு விதமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும், உரிமையாளரை வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் சுலபம். எர்டிகா என்பதால் டி போர்டில், அதாவது வாடகை வண்டியாக, ஓடி ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றியதா என்பதையும் அவசியம் பாருங்கள்.

சென்னையில் இருந்து வந்த வண்டி என்றால் கூடுதல் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏகப்பட்ட கார்கள் தண்ணீரில் நின்றன, அதில் சிலது துடைத்துப் பாலிஷ் போட்டு வெளியூருக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, திரும்பிவிடலாம். அந்த ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை.

காலையில் இஞ்சின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பது வீண் செலவே இல்லை.

கோவைப்பாதை:
ஆறு பேரும் ஒன்றாகப் போவது வருஷத்தில் எத்தனை தடவை? குலதெய்வம் கோயில், இரண்டு மூன்று கல்யாணம். அன்றைக்கு ஒரு இன்னோவா வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 2019-க்குப் பிறகு வந்த வேகன் ஆர் பாருங்கள். சீட் உயரமாக இருக்கும், குனியாமல் மடங்காமல் அப்படியே உட்கார்ந்து எழலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தாழ்வான காரில் அவர்களை ஏற்றி இறக்கினவர்களுக்குத் தெரியும். உங்கள் வங்கியும் கடன் கொடுக்கும்.

எப்போது வாங்குவது என்றால், அம்மா சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்குப் புது வண்டி எடுத்தவர்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய வண்டிகள் இப்போது எல்லாக் கடையிலும் நிற்கின்றன. மார்கழியில் நம் பக்கம் வாங்க ஆள் குறைவு, டிசம்பர் முடிந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடுகிறது என்று விற்பவருக்கும் அவசரம். பேரம் பேச அதுதான் நேரம். மார்கழியில் விலை பேசி, வண்டியைச் சோதித்து, பேப்பர் வேலையைத் தொடங்கிவிட்டுத் தை முதல் வாரத்தில் வீட்டுக்கு ஓட்டி வாருங்கள், அம்மாவுக்கும் திருப்தியாக இருக்கும்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வேகன் ஆர் ஆரம்ப மாடலின் ஷோரூம் விலையே ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டது. அதனால் ஜிஎஸ்டி குறைவதற்கு முந்தைய புது வண்டி விலையைச் சொல்லி யாராவது ‘அதிலிருந்து இவ்வளவு குறைத்திருக்கிறேன்’ என்றால் ஏற்காதீர்கள், இன்றைய புது விலையிலிருந்துதான் கணக்கு. ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேர்த்துப் புதுசு ஆறு லட்சம் பக்கம் வரும், கடன் வட்டியும் புதுசுக்குக் குறைவு. அதையும் ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஃபிளாட் கணக்கு இப்போது நன்றாகவே புரிந்துவிட்டது, அந்த எர்டிகா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை வீட்டுப் பக்கத்தில் ஒருவர் 2019 வேகன் ஆர் விற்கிறார், சிங்கிள் ஓனர், கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 4.40 சொல்கிறார். கடன் உள்ள வண்டியை வாங்கலாமா? ஆர்சியை எப்படி மாற்றுவது?

வட்டிக்கணக்கு:
வாங்கலாம், பணம் போகும் வழியை மட்டும் சரியாக வையுங்கள். பாக்கி எவ்வளவு என்று அவருடைய வங்கியில் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகை நேராக அந்தக் கடன் கணக்குக்குப் போக வேண்டும், அவர் கையில் கொடுக்க வேண்டாம். கடன் அடைந்ததும் அந்த வங்கி என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் தரும், அதை வைத்து ஆர்டிஓவில் ஹெச்பி கேன்சல். பிறகு படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு மாற்றம், கூடவே உங்கள் வங்கியின் பெயர் ஹெச்பியாக ஏறும். எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியும், இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியும் இன்றே பாருங்கள்.

ஆர்சி மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு பாலிசி பழைய பெயரில் இருந்தால் க்ளெய்ம் நிற்காது. அவருடைய நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், அதை இப்போதே விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். 4.20-க்குக் கேட்டுப் பாருங்கள்.