இறந்த கணவன் மாயமாகத் திரும்பி வரும் நாவலில் துக்கத்தின் கனம் குறையாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். காதலையும் இழப்பையும் மையமாகக் கொண்ட மாய நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். கணவனை இழந்த ஒரு பெண், அவன் தனக்கு எழுதிய பழைய கடிதங்களில் ஒன்றை உரக்க வாசிக்கும்போதெல்லாம் அவன் அந்த அறைக்கு வந்து அமர்கிறான். வாசிப்பு முடிந்ததும் மறைந்துவிடுகிறான். அவளை நேசிக்கும் இன்னொருவனும் கதையில் உண்டு. முதற்படியை வாசித்த இரு நண்பர்களும், கணவன் தோன்றத் தொடங்கிய பிறகு அவளுடைய துயரம் தங்களைத் தொடவில்லை என்றார்கள். நினைத்தபோது அவனை வரவழைக்க முடிகிறதே, பிறகு எதற்காக அவள் அழ வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. மாயத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1

உங்கள் நண்பர்கள் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்கள். மாயம் மரணத்தை ரத்து செய்துவிட்டால் கதையில் இழப்பு என்று எதுவும் மிஞ்சாது. இதற்கு நம்மிடம் மிகச் சிறந்த முன்மாதிரி சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரியில் இருக்கிறது. வெட்டுண்டு கிடக்கும் கோவலனைக் கண்ணகி தழுவியதும் அவன் எழுந்து நிற்கிறான், அவளுடைய முகம் வாடியதைச் சொல்லிக் கண்ணீரைத் துடைக்கிறான், அவளை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வானுலகம் போய்விடுகிறான். சில வரிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கண்டது மாயமா, தெய்வம் ஏதேனும் மருட்டியதா என்று அவளே திகைக்கிறாள். அந்தத் திகைப்பை ஆசிரியர் தீர்த்துவைக்கவும் இல்லை. அந்தச் சந்திப்பு அவளுக்கு ஆறுதலாக அமையாமல், சினம் தணியாமல் கணவனைச் சேரமாட்டேன் என்று அரசனிடம் நீதி கேட்கப் புறப்படும் அளவுக்கு அவளை மாற்றிவிடுகிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. உங்கள் நாயகியிடம் ஒவ்வொரு வருகையும் என்ன மாற்றத்தை விட்டுச்செல்கிறது? அதற்கு விடை இல்லாத காட்சியை நீக்கிவிடலாம்.

இன்னொன்று: அவன் வருவதற்கு ஒரு விலை வேண்டும். வாசித்து முடித்த கடிதத்தில் எழுத்துகள் அழிந்து வெற்றுத்தாளாகிவிடட்டும். அப்போது அவனைக் காண விரும்பும் ஒவ்வொரு முறையும் அவன் எழுதியதில் ஒரு பகுதியை அவள் என்றென்றைக்குமாக இழக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2

விலை பற்றிய யோசனை நன்று. ஆனால் விதி ஒன்றை வகுத்துவிட்டால் துக்கம் தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. துக்கப்படுபவரின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பது பக்கங்களில் தெரிய வேண்டும். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகக் கூறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை. எனவே உங்கள் மாயத்துக்கு விளக்கம் தேவையில்லை. அதைவிட, இதை யாரிடமும் சொல்லாமல் மறைக்க அவள் படும் சிரமத்தை எழுதுங்கள், வாசகர் அவளோடு வருவார்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று பரவலாகச் சொல்லப்படும் துக்கத்தின் ஐந்து நிலைகளை அத்தியாய வரிசையாக்கும் ஆசை வந்தால் தவிர்த்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில்தான். துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்ட்ரோபும் ஷுட்டும் 1999இல் முன்வைத்த பார்வை நாவலுக்கு அதிகம் பயன்படும்: துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறி அலைகிறார். காலையில் மின்கட்டணம் செலுத்திவிட்டு மாலையில் அவனுடைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே நாள்தான்.

மறுமொழி 3

இரண்டாமவனைப் பற்றி யாரும் பேசவில்லையே! துயரத்தைத் தாங்கியதற்குக் கிடைத்த பரிசாக அவனை நிறுத்திவிடாதீர்கள். அவனுக்குக் கடிதங்களின் கதை தெரியட்டும், தெரிந்தபின் பொறாமையும் வரட்டும், ஒருநாள் அவனே ஒரு கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். முதல் காதல் குறைந்தால்தான் இரண்டாவது வளரும் என்ற கணக்கு எனக்குப் பொய்யாகவே படுகிறது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுத்துகள் அழியும் விதியை ஏற்றுக்கொள்கிறேன். அவ்வாறானால், என்ன நடக்கும் என்று அறியாமல் அவள் வாசித்துவிடும் முதல் கடிதம் அவளுக்கு மிகப் பிரியமானதாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டாமவன் கேட்கும் காட்சியில் அவள் மறுக்கிறாள். மறுப்பதற்கான காரணத்தை அவனிடம் சொல்லும்போதுதான் தன் கணவனைப் பற்றி முதன்முறையாக இன்னொருவரிடம் வாய்விட்டுப் பேசுகிறாள். அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் திருத்தி எழுதப் போகிறேன்.